அம்மா பேசாத தாய்மொழி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையைத் தெரியாத சிங்கப்பூர்த் தமிழர் இருக்க முடியாது. ஆட்டுக்கறி, முருங்கைக்காய், வாழையிலை, மாடியில் சேலைக் கடைகள் என்று ஒரே கட்டடத்துக்குள் எல்லாம் கிடைக்கும். 'தேக்கா' சீனர்களின் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்த பெயர். 1982-ல் சந்தை புதுக் கட்டடத்துக்குப் போனபோது, அரசு அதே பெயரை மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று மாற்றிப் பலகை மாட்டியது. கறி வாங்க வந்த தமிழருக்கு அது வாயில் நுழையவில்லை. அங்கே கடை போட்டிருந்த சீனர்களிலும் பலருக்கு நுழையவில்லை. எல்லாரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2000-ல் அரசு இறங்கிவந்து பழைய பெயரையே திருப்பி மாட்டியது.

சந்தைப் பெயரைத் திருப்பி மாட்டிவிடலாம். அதே காலத்தில் ஒரு தலைமுறையின் நாக்கையே மாற்றும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதைத் திருப்ப யாராலும் முடியவில்லை.

சிங்கப்பூர் மக்களில் முக்கால்வாசிப் பேர் சீன வம்சாவளியினர். ஆனால் அவர்களுடைய பாட்டன்மார் தென்சீனக் கடலோரத்திலிருந்து கப்பலேறியபோது மாண்டரின் பேசிக்கொண்டு வரவில்லை. ஹொக்கியன், தியோச்சு, கேண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஊருக்கொரு பேச்சோடு வந்தார்கள். இவற்றை 'வட்டார வழக்குகள்' என்று அரசு ஆவணங்கள் சொல்கின்றன. அந்தச் சொல்லைக் கேட்டு, கோவைத் தமிழ், நெல்லைத் தமிழ் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். ஹொக்கியன் மட்டும் தெரிந்தவருக்குக் கேண்டனீஸ் புரியாது. தமிழ் தெரிந்தவர் தெலுங்கு கேட்டால் அங்கங்கே ஒரு சொல் பிடிபடுமே, ஏறக்குறைய அந்த அளவுதான். எல்லாரையும் சேர்த்துக் கட்டியது எழுத்து. அதுவும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு.

இந்தச் சமூகத்துக்கு 'தாய்மொழி' என்ற பெயரில் பள்ளியில் வைக்கப்பட்ட பாடம், வடசீனப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட மாண்டரின். சிங்கப்பூரில் தாய்மொழிப் பாடம் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவாவதில்லை. இனத்தைப் பார்த்து முடிவாகிறது. சீனப் பிள்ளைக்கு மாண்டரின், மலாய்ப் பிள்ளைக்கு மலாய், இந்தியப் பிள்ளைக்குத் தமிழ். இந்தியர்களுக்கு மட்டும் பிற்பாடு இந்தி, வங்காளம், பஞ்சாபி போன்றவற்றுக்கும் கதவு திறந்தார்கள். 1960-ல் தொடக்கப்பள்ளியிலும் 1966-ல் உயர்நிலைப்பள்ளியிலும் இரண்டாம் மொழி கட்டாயமானது. காலையில் பாட்டியிடம் ஹொக்கியனில் பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை, அங்கே ஆங்கிலம், மாண்டரின் என்று வீட்டில் இல்லாத இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கற்க வேண்டும். இதன் விளைவைத் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979-ல் அறிக்கையாகவே கொடுத்தது. மாணவர்களில் 85 சதவீதம் பேருக்குப் பள்ளியின் இரண்டு மொழிகளில் எதுவுமே வீட்டுமொழி இல்லை. இரண்டிலும் குறைந்தபட்சத் தேர்ச்சியைத் தொட்டவர்கள் 40 சதவீதம்கூட இல்லை.

பாடத்தை வீட்டுக்கு ஏற்ப மாற்றலாம்; அல்லது வீட்டைப் பாடத்துக்கு ஏற்ப மாற்றலாம். அன்றைய பிரதமர் லீ குவான் யூ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

1979 செப்டம்பர் 7-ம் தேதி 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. மாண்டரினை அதிகம் பேசு, வட்டார வழக்கைக் குறை என்பதுதான் முழக்கம். முழக்கத்தோடு நிற்கவில்லை. அரசு அலுவலக ஜன்னலில் ஊழியர்கள் மாண்டரினில் பேசத் தொடங்கினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வழக்கு நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஊரே உட்கார்ந்து பார்த்த ஹாங்காங் தொடர்களின் கேண்டனீஸ் குரலை எடுத்துவிட்டு மாண்டரின் குரலை ஒட்டினார்கள். கேண்டனீஸில் கதை சொல்லி வானொலியைக் கட்டிப்போட்டிருந்த லீ தாய் சோரின் குரலும் 1980-களின் தொடக்கத்தில் அடங்கிப்போனது. பள்ளிப் பதிவேட்டில் சீனப் பெயர்களை மாண்டரின் ஒலிப்படி எழுதும் முயற்சியும் நடந்தது. வீட்டில் 'டான்' என்ற குடும்பப் பெயரோடு பிறந்த பிள்ளை பள்ளியில் 'சென்' ஆனது. அப்பா ஒரு பெயர், மகன் ஒரு பெயரா என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள்.

இயக்கத்தைத் தொடங்கிவைத்தவரின் கதையும் இதில் உண்டு. லீ குவான் யூ ஆங்கிலப் படிப்பில் வளர்ந்தவர். மாண்டரினை முறையாகக் கற்க உட்கார்ந்ததே அரசியலுக்கு வந்தபின், முப்பது வயதைத் தாண்டித்தான். 1961-ல் ஹாங் லிம் இடைத்தேர்தல் வந்தபோது, அந்தத் தொகுதி மக்களிடம் மாண்டரின் செல்லுபடியாகாது என்று தெரிந்து ஹொக்கியனையும் கற்றார். மேடையில் தடுமாறி, சிரிப்புக்கு ஆளாகி, பிறகு நன்றாகவே பேசினார். 1979-க்குப் பிறகு ஹொக்கியனில் பேசுவதை அவரே நிறுத்திக்கொண்டார். மக்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தான் வேறொன்றைச் செய்யக் கூடாது என்ற கணக்கு. வாக்குக் கேட்க உதவிய மொழி, இயக்கத்துக்கு இடைஞ்சல் ஆகிவிட்டது.

ரிக்‌ஷாக்காரர் கொடுத்த பல்கலைக்கழகம்

சீன மொழிக் கல்வி சிங்கப்பூருக்கு அரசு கொண்டுவந்து கொடுத்ததல்ல. அரசுக்கு முன்பே சமூகம் தன் காசில் பள்ளிகளைக் கட்டி வைத்திருந்தது. அதன் உச்சம் நன்யாங் பல்கலைக்கழகம். ரப்பர் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த டான் லார்க் சை 1953-ல் முன்வைத்த யோசனை அது. தானே 50 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஒருநாள் வருமானத்தை அப்படியே உண்டியலில் போட்டார்கள். பேரன் படிக்கட்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்த காசு அது. 1956-ல் வகுப்புகள் தொடங்கின. சீனாவுக்கு வெளியே சீன மொழியில் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் என்ற பெருமை அதற்கு.

அரசியல் அதை நிம்மதியாக இருக்க விடவில்லை. கம்யூனிஸ்ட் செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1963-ல் டான் லார்க் சையின் குடியுரிமையைப் பறிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை உண்மையில் சாய்த்தது வேலைச் சந்தை என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்தவனுக்கு வேலை, சம்பளம். சீனம் படித்தவனுக்குக் காத்திருப்பு. சீனவழிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பெற்றோரே குறைத்தார்கள். 1959-ல் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சீனவழிப் பள்ளிக்குப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 1980-ல் நன்யாங்கைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். 1987-ல் நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழி ஆயின.

கவனித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. மாண்டரின் பேசு என்று சுவரொட்டி ஒட்டிய அதே ஆண்டுகளில்தான் மாண்டரினில் பாடம் நடத்திய பள்ளிகள் மறைந்தன. சீனம் பாடமொழியாக இருந்த நிலை போய், ஒரு பாடமாகச் சுருங்கியது. பெயர் பெற்ற ஒன்பது சீனப் பள்ளிகளை மட்டும் 1979-ல் சிறப்புத் திட்டப் பள்ளிகளாக்கிக் காப்பாற்றினார்கள். அங்கேயும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான்.

சொல்வதெழுதுதல் என்ற வாராந்திர அச்சம்

இரண்டாம் மொழியாகச் சீனம் கற்பது எங்கே கடினம்? பேச்சில் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. 'மாய்' என்ற ஒலியைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, சட்டென்று இறக்கினால் விற்பது. சிறு பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமில்லை, கேட்டுப் பழகினால் வந்துவிடும். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லாதபோதுதான் தொனி நிற்பதில்லை.

மலைப்பூட்டுவது எழுத்து. நாளிதழை ஓரளவு தடையில்லாமல் படிக்க இரண்டாயிரம் முதல் மூவாயிரம் எழுத்துகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோடுகளின் வரிசை உண்டு. எதை முதலில் இழுப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்று. தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை, பொருள் தெரியாத சொல்லையும் படித்துவிடும். சீனத்தில் புது எழுத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கு ஊன்றுகோலாகத்தான் பின்யின் வந்தது. ரோமன் எழுத்தில் சீன ஒலியைக் குறிக்கும் இந்த முறையைச் சீனா 1958-ல் ஏற்றது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவரான சௌ யோகுவாங் 111 வயது வரை வாழ்ந்து 2017-ல் மறைந்தார். சிங்கப்பூர் முதலாம் வகுப்புப் பிள்ளை சீனத்தைப் பின்யின் வழியாகத்தான் தொடுகிறது. அங்கேயும் ஒரு சிக்கல். அதே எழுத்துகளை ஆங்கில வகுப்பில் வேறு ஒலியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பல பத்தாண்டுகளாகச் சிங்கப்பூர்ச் சீன வகுப்பின் முதுகெலும்பு இரண்டு பழக்கங்கள். ஒன்று 'திங் ஷியே', ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது. இன்னொன்று 'மோ ஷியே', பத்தியை மனப்பாடம் செய்து பார்க்காமல் எழுதுவது. வாரத்துக்கு வாரம் இது வரும். முந்தின இரவு வீடே பரபரக்கும். தனக்கே சீனம் சரியாக வராத அப்பா எப்படிச் சொல்லிக் கொடுப்பார்? துணைப்பாட நிலையங்கள் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிள்ளை சீனத்தில் திணறுகிறது என்பதற்காகவே ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிச் சிங்கப்பூர்த் தலைவர்களே பேசியிருக்கிறார்கள்.

2009 நவம்பரில் சிங்கப்பூர்ச் சீனமொழி நிலையத் திறப்பு விழாவில், 86 வயது லீ குவான் யூ எழுந்து தன் கொள்கை தவறான வழியில் தொடங்கியது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, முழுச் சீனவழிப் பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்களை வைத்து, ஆங்கிலமே கலக்காமல், சொல்வதெழுதுதலும் மனப்பாடமுமாகப் பாடம் நடத்தியது பல தலைமுறை மாணவர்களை விரட்டிவிட்டது என்பது அவர் கணிப்பு. இரண்டு ஆண்டு கழித்து, இருமொழிக் கொள்கையைத் தன் வாழ்நாள் சவால் என்று சொல்லி ஒரு புத்தகமும் வெளியிட்டார். தவறு என்று சொல்ல முப்பது ஆண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம். அதிகாரத்தில் இருந்தவர் ஒருவர் வகுப்பறையின் நோட்டுப் புத்தகம் வரை இறங்கிவந்து தப்பை ஒப்புக்கொள்வது நம் பக்கம் நடக்கிற காரியமா?

மாற்றம் அதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்கியிருந்தது. 2004-ல் அமைந்த மறுஆய்வுக் குழு, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீனம் என்ற எண்ணத்தைக் கைவிட்டது. வீட்டில் பேசாத பிள்ளைக்கு முன்னேற்பாட்டு வகுப்பு, எல்லாருக்கும் அடிப்படைப் பாடம், நன்றாக வருகிறவர்களுக்குக் கூடுதல் பாடம் என்று பிரித்தார்கள். 'நிறையப் படி, குறைவாக எழுது' என்ற நெறி வந்தது. அடையாளம் கண்டு படிக்க வேண்டிய எழுத்துகள் ஒரு பட்டியல், கையால் எழுத வேண்டியவை அதைவிடச் சிறிய பட்டியல். கணினியில் பின்யின் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும் என்கிறபோது, முழுக்கக் கையெழுத்துக்கே பிள்ளையின் தெம்பைச் செலவழிப்பானேன்? இந்த மாற்றம் பத்து இருபது ஆண்டு முன்னதாக வந்திருக்க வேண்டியது.

எல்லாரும் தளர்த்தலை வரவேற்றார்கள் என்றும் இல்லை. 2010-ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழிக்கான பங்கைக் குறைக்கலாம் என்ற பேச்சு கசிந்தபோது, சீனமொழி ஆர்வலர்கள் ஹாங் லிம் பூங்காவில் திரண்டார்கள். சில நாள்களிலேயே பிரதமர் லீ சியன் லூங் செய்தியாளர்களைக் கூட்டி, பங்கு குறையாது என்று உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. பாரம் என்று முனகுகிறவர்களும், மொழி போய்விடும் என்று பதறுகிறவர்களும் ஒரே சமூகத்தில், பல சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

பாட்டியும் பூனையும்

இயக்கம் வென்றதா? எண்களைப் பார்க்கலாம். 1980-ல் சீனக் குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் மேல் வீட்டில் வழக்குமொழியே பேசினார்கள். 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வழக்குமொழி 30.7 சதவீதமாக இறங்கி, மாண்டரின் 45.1 சதவீதமாக ஏறியது. இருபதே ஆண்டில் ஒரு சமூகம் வீட்டுமொழியை மாற்றிக்கொண்டது. உலகத்தில் இப்படி நடந்தது அபூர்வம்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததைத்தான் யாரும் திட்டமிடவில்லை. 2020 கணக்கெடுப்பில் வழக்குமொழி 11.8 சதவீதம். மாண்டரினும் இறங்கி 40.2. ஆங்கிலம் 47.6. வீட்டிலிருந்து ஹொக்கியனை வெளியேற்றிய மாண்டரின் அங்கே நிலைத்து உட்காரும் முன்பே ஆங்கிலம் வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் கூர்மை. முதலாம் வகுப்புப் பிள்ளை உள்ள சீன வீடுகளில் 71 சதவீதம் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றன என்று இயக்கத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில், 2019-ல், லீ சியன் லூங்கே சொன்னார். 1980-ல் அப்படிப்பட்ட பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இடையில் இயக்கமும் முகத்தை மாற்றிக்கொண்டது. ஹொக்கியன் பேசுகிற கடைக்காரரை நோக்கித் தொடங்கியது, 1990-களில் ஆங்கிலம் படித்த சீனர்களை நோக்கித் திரும்பியது. சீனாவின் சந்தை திறந்ததும் பண்பாட்டுப் பேச்சோடு பணப்பேச்சும் சேர்ந்தது. 1990-ல் தூதரக உறவு, 1994-ல் சூஜோவில் கூட்டுத் தொழிற்பூங்கா. 2000-களில் மாண்டரின் 'கூல்' என்று இளைஞர்களிடம் விளம்பரம். ஆனாலும் பிள்ளைகள் தோழர்களிடம் பேசுவது எந்த மொழியில் என்பதை விளம்பரம் தீர்மானிப்பதில்லை.

எண்களில் வராத இழப்பை நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988-லேயே மேடையில் காட்டிவிட்டார். 'அம்மா பூனையைத் தேடுகிறாள்' என்ற அவருடைய நாடகத்தில் அம்மாவுக்கு ஹொக்கியன் மட்டுமே தெரியும். பிள்ளைகள் மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டார்கள். அவளுக்குப் பேச்சுத் துணை ஒரு பூனை. பூனையும் காணாமல்போக, தேடி அலையும் வழியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறாள். அவரும் பூனையைத் தொலைத்தவர். அவர் பேசுவது தமிழ். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. கையும் முகமும் வைத்து இருவரும் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் முடியாதது அந்நியரிடம் முடிகிறது. சிங்கப்பூரின் மொழிகளை ஒரே மேடையில் கலந்து நடத்திய முன்னோடி நாடகம் இது.

அரசுக்கும் இது உறைத்தது. 2016-ல் முதியவர்களுக்கு அரசுத் திட்டங்களை விளக்க ஹொக்கியனில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு முன்பு திரையிலிருந்து இறக்கிய மொழியை, மருத்துவ மானியத்தை விளக்குவதற்காக மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால் வேறு காட்சி. அங்கே ஏறத்தாழ 1,300 சீனத் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. கணக்கும் அறிவியலும் மாண்டரினில் நடக்கின்றன. 1961 கல்விச் சட்டம், உயர்நிலைப்பள்ளிகள் பாடமொழியை மாற்றாவிட்டால் அரசு நிதி கிடையாது என்றபோது, எதிர்த்து நின்ற ஆசிரியர் தலைவர் லிம் லியன் கியோக் குடியுரிமையையே இழந்தார். மாற மறுத்த அறுபது சொச்சம் பள்ளிகள் இன்றைக்கும் சமூகத்தின் நன்கொடையில் ஓடுகின்றன. 1975 முதல் அவற்றுக்கென்று தனித் தேர்வும் இருக்கிறது. அங்கத்திய இளைஞருக்கு மாண்டரின் வாயில் தாராளமாக ஓடுகிறது. சிங்கப்பூரின் சீனத் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் மலேசியாவிலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பது தற்செயல் அல்ல. சீனத் தொடக்கப்பள்ளிகளில் படிப்போரில் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாகச் சீனரல்லாதவர்கள். பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள், கொஞ்சம் தமிழ்ப் பிள்ளைகளும். கணக்கையும் விளையாட்டையும் சண்டையையும் அந்த மொழியிலேயே நடத்துவதால் ஆறு ஆண்டில் அவர்களுக்கும் மொழி ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பள்ளிகளுக்கு எதிரான விமரிசனங்கள் தனி. மொழி கற்கும் கோணத்தில் அவை சொல்வது தெளிவு. ஒரு மொழியில் வேறு எதையாவது கற்கும்போதுதான் அந்த மொழி வருகிறது. வாரத்தில் சில மணி நேரப் பாடமாக வைத்தால், மதிப்பெண் வரும்.

இதையெல்லாம் தமிழ் வாசகர் ஏன் படிக்க வேண்டும்? சிங்கப்பூரில் அதே கூரையின் கீழ்தான் தமிழும் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. எழுத்துத் தமிழ் மட்டுமே பேசிய வகுப்பு பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டது என்பதை உணர்ந்து, 2005-ல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. சீனத்துக்குச் சொன்ன மருந்தும் அதுவே: முதலில் பேச்சு, பிறகு எழுத்து. வளர்தமிழ் இயக்கம் ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா நடத்துகிறது. பட்டிமன்றங்களில் கூட்டம் குறைவில்லை.

ஆனால் சீனம் போலத் தமிழுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சந்தை இல்லை. வேலைக்குத் தேவை என்று பெற்றோரை இழுக்க எதுவும் இல்லை. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010-ல் 3.3 சதவீதம். 2020-ல் 2.5.